வீட்டுக் கம்ப்யூட்டர் இழுத்தால் உடனே புது லேப்டாப்பா?

கல்லூரிச் சேர்க்கை நடக்கும் மாதங்களில் பெங்களூர் தொம்மலூரில் ஒரே பேச்சு வீட்டுக்கு வீடு கேட்கும். "பையன் காலேஜ் சேர்றான், பழசு ரொம்ப இழுக்குது, புதுசு ஒண்ணு எடுத்துடலாம்." கோல்ஃப் லிங்க்ஸ் ஐ.டி. வளாகத்தில் வேலை பார்க்கும் சித்தப்பா ஒரு பிராண்டைச் சொல்வார். மாடி வீட்டுப் பையன் கேமிங் லேப்டாப் வாங்கிவிட்டான் என்ற செய்தியும் வந்து சேரும். மாதத் தவணை உண்டு என்று கடையில் சொன்னதும் பேச்சு முடிந்துவிடும். அந்த லேப்டாப்பில் பிள்ளை என்ன வேலை செய்யப்போகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான்: இருப்பதைச் சரிசெய்யலாம், அதில் லினக்ஸ் போடலாம், செகண்ட் ஹேண்ட் வாங்கலாம், புதிதே வாங்கலாம். ஆனால் மெஷின் எங்கே திணறுகிறது என்று பார்க்காமல் எதையும் தேர்ந்தெடுக்கக் கூடாது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். சும்மா இருக்கும்போதே ‘டிஸ்க்’ 100 சதவீதத்தில் நின்றால் குற்றவாளி பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்தான்.

பத்து வருடத்துக்கு முன்பு வாங்கிய வீட்டு லேப்டாப்கள் பலவற்றில் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் இருக்கிறது. தட்டு சுழன்று, முனை நகர்ந்து, ஒரு துண்டுத் தகவலைத் தேடி எடுக்கவே பத்து மில்லி செகண்டுக்கு மேல் ஆகிவிடும். சிதறிக் கிடக்கும் துண்டுகள் என்றால் நொடிக்கு நூறு எடுப்பதே கஷ்டம். விண்டோஸ் 10 ஆன் ஆகும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கில். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லாததால் நொடிக்குப் பல்லாயிரம் துண்டுகளைக் கொடுத்துவிடும். டீ போட்டுவிட்டு வந்தாலும் ஆன் ஆகி முடியாத மெஷின், இதை மாட்டியதும் அரை நிமிடத்தில் தயாராகிவிடுவதை எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைகளில் தினமும் பார்க்கலாம். செலவு சில ஆயிரம் ரூபாய்.

டிஸ்க் மாற்றப் பின்மூடியைக் கழற்றியதோடு இன்னொரு வேலையும் முடித்துவிட வேண்டும். ஃபேனுக்கும் செம்புக் குழாய் முடியும் தகடுகளுக்கும் நடுவே தூசி ஒன்றோடொன்று பின்னி, சாம்பல் நிறக் கம்பளித் துண்டுபோல அடைத்துக்கொண்டிருக்கும். காற்று வெளியேற வழியில்லாமல் சூடு ஏறினால், பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து புது தெர்மல் பேஸ்ட் தடவினால் போதும். 4 ஜி.பி. ரேம் மட்டும் இருந்தால் அதை 8 ஆக்குவதும் அவசியம். 2025 கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டதில் புது ரேம் விலை எகிறிவிட்டது. ஆனால் பழைய மெஷினுக்குச் செகண்ட் ஹேண்ட் ரேமே கிடைக்கும்.

இதை எல்லாம் விட்டுவிட்டு குடும்பங்கள் விழுவது விலை குறைந்த ‘ஸ்லிம்’ லேப்டாப்பில். இதுதான் தவிர்க்க வேண்டிய வழி. பளபளப்பான மூடி, லேசான எடை, பெட்டியில் ‘விண்டோஸ் 11’ ஸ்டிக்கர் எல்லாம் இருக்கும். உள்ளே இருப்பது இரண்டே கோர் கொண்ட செலரான் பிராசஸர், போர்டோடு பற்றவைத்த 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. இ.எம்.எம்.சி. ஸ்டோரேஜ். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சத் தேவையே 4 ஜி.பி. ரேமும் 64 ஜி.பி. இடமும்தான். அதாவது வாங்கிய அன்றே அந்த மெஷின் எல்லைக்கோட்டில் நிற்கிறது. சில அப்டேட் வந்ததும் இடம் போதவில்லை என்று அழத் தொடங்கும். ரேம் கூட்ட ஸ்லாட் கிடையாது, ஸ்டோரேஜைக் கழற்ற முடியாது. செலரான் என்4020 பிராசஸரைவிட 2015-இல் வந்த ஐ5-5200யு வேகமானது என்பது அலமாரியில் பழைய லேப்டாப்பைத் தூக்கி வைத்த அப்பாக்களுக்குத் தெரிவதில்லை. தவணை முடிவதற்குள் பிள்ளை மறுபடி "இழுக்குதுப்பா" என்று வந்து நிற்கும்.

கேமிங் லேப்டாப்பும் தப்பான விடைதான், தப்பு வேறு விதம். இரண்டு கிலோவுக்கு மேல் எடை, அதற்கேற்ற கனத்த சார்ஜர், வகுப்பு முடியும் முன்பே தீரும் பேட்டரி. பி.காம். மாணவி டேலியும் எக்செலும் ஓட்ட இது எதற்கு?

பயமுறுத்துவதற்குக் கடைக்காரர்கள் கையில் ஒரு தேதி இருக்கிறது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது, எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் மெஷின்களில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. இரண்டும் உண்மை. ஆனால் வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் வரை நீட்டிப்புப் பாதுகாப்பு அப்டேட்டில் பதிவுசெய்துகொள்ளும் வழியை மைக்ரோசாஃப்டே கொடுத்தது. அதற்குப் பிறகும் மெஷினைத் தூக்கிப்போட வேண்டாம், லினக்ஸ் மின்ட் போடலாம். 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை அப்டேட் உண்டு. லினக்ஸ் என்றாலே மிரளும் பெற்றோர், கேரள அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஐ.டி. பாடத்தையே அதில்தான் படிக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2011-இல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த லேப்டாப்களிலும் விண்டோஸுக்குப் பக்கத்தில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. டேலி கட்டாயம் என்றால் விண்டோஸை விட முடியாது. மற்றவர்கள் தாராளமாக மாறலாம்.

பழையது எழவே எழாது என்றால், நிறுவனங்கள் சில வருடம் ஓட்டிக் கழித்த திங்க்பேட், லாட்டிட்யூட் வகை மெஷின்களைப் பார்க்கலாம். பெங்களூரில் இவற்றுக்குப் பஞ்சமே இல்லை. எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல், கழற்றி மாட்டக்கூடிய ரேம், கேட்டால் கடையிலேயே பேட்டரியின் நிலையைக் காட்டுவது: இந்த மூன்றும் இருந்தால் வாங்கலாம். அதே விலைக்கு வரும் புது ஸ்லிம் லேப்டாப்பைவிட இதன் கீபோர்டும் கீல்களும் வருடக்கணக்கில் உழைக்கும்.

பொறியியல் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வருடம் வேண்டியது சி, பைத்தான் எழுத ஒரு திரையும், தப்பு வந்தால் எழுந்து போகாமல் உட்கார்ந்து தேடும் பழக்கமும்தான். விசுவேசுவரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முதல் இரண்டு செமஸ்டர் ஃபிசிக்ஸ் சைக்கிள், கெமிஸ்ட்ரி சைக்கிள் என்றே ஓடிவிடும். தனக்குப் பிடித்தது வெப்பா, டிசைனா, மெஷின் லேர்னிங்கா என்று அதற்குள் யாருக்கும் தெரியாது. மெஷின் லேர்னிங் பழகவே ஆரம்பித்தாலும், கூகுள் கோலாப் பிரவுசரிலேயே இலவசமாக ஜி.பி.யு. தருகிறது. சொந்த லேப்டாப்பைத் திருப்புளியோடு ஒருமுறை திறந்து பார்த்த பிள்ளைக்கு ரேம் என்ன, ஸ்டோரேஜ் என்ன என்பது புத்தகத்தைவிடச் சீக்கிரம் பிடிபடும். அதனால் அப்பாவே கடைக்குக் கொண்டுபோய்க் கொடுக்காமல் பிள்ளையையும் கூட அழைத்துப் போக வேண்டும். மூன்றாம் வருடம், வேலை எந்தப் பக்கம் என்று தெரிந்த பிறகு, புதிதாக வாங்கட்டும்: 16 ஜி.பி. ரேம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி., ரேம் கூட்ட ஒரு ஸ்லாட்டாவது காலி.