ஓர் எஞ்சினும் மூன்று கன சென்டிமீட்டரும்

ஒரே பெயரும் ஒரே வடிவும் உடைய இரண்டு பொருள்கள் ஆற்றலில் வேறுபடுமாயின், அவ்வேறுபாடு எங்கே மறைந்துள்ளதென வினவுதல் இயல்பு. தமிழ் பயில்வானுக்கு எஞ்சினோடு என்ன உறவு என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். மாத்திரையும் சீரும் எண்ணிப் பழகியவனுக்கு அளவினாலேயே இயங்கும் ஒரு பொறி அத்துணை அயலானதன்று.

1948-இல் தோன்றிய ஹோண்டா கம்பெனியார், தம் ஐம்பதாண்டு நிறைவின் நினைவாக எஸ்2000 என்னும் இருவர் அமரும் திறந்த விரைவு மோட்டாரை 1999-இல் வெளியிட்டனர். 2009 வரை அது செய்யப்பெற்றது. தொடக்கத்தில் அதற்கு அமைந்த எஞ்சின் எஃப்20சி என்பது. சிலிண்டர்கள் நான்கு, ஒவ்வொன்றின் விட்டம் 87 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் நீளம் 84 மில்லிமீட்டர், மொத்தக் கொள்ளளவு 1997 கன சென்டிமீட்டர். ஜப்பானில் விற்ற வண்டிக்கு நிமிடத்திற்கு 8300 சுற்றில் 250 குதிரைச் சக்தி என்றும், அமெரிக்காவில் விற்றதற்கு அதே சுற்றில் 240 என்றும் கம்பெனியார் குறித்தனர். அந்தப் பத்தையும் பெற்றே தீர்வோமென்று எஞ்சினைப் பிரிக்கும் அமெரிக்க உரிமையாளரும் உளர். அவர்தம் முயற்சி தகுவதோ என்பதே ஈண்டு நாம் ஆராய்வது.

முதற்கண் அளவுகோலை நோக்குவோம். ஊருக்கு ஊர் மரக்கால் வேறுபட்டாற்போலக் குதிரையும் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றது! ஜப்பானியர் குறிக்கும் குதிரைச் சக்தி, 75 கிலோகிராம் எடையை ஒரு வினாடியில் ஒரு மீட்டர் உயர்த்துவது, அஃது 735.5 வாட். அமெரிக்கருடையதோ, 550 பவுண்டு எடையை ஒரு வினாடியில் ஓரடி உயர்த்துவது, அது 745.7 வாட். ஆகவே அமெரிக்கரின் 240, ஜப்பானியர் கணக்கில் 243-க்குச் சிறிது மேற்படும். குறைந்த பத்தில் மூன்று வெறும் எழுத்திலே குறைந்தது. மெய்யாகக் குறைந்தது ஏழுக்கும் உட்பட்டது, நூற்றுக்கு மூன்று கூட இல்லை.

அவ்வேழும் எங்கிருந்து வந்தன? பிஸ்டன் கீழே நிற்கும்போது அதன் மேலுள்ள இடத்தை, அது மேலே வந்து நிற்கும்போது எஞ்சும் இடத்தால் வகுத்தால் வருவது அமுக்க விகிதம். ஜப்பானிய எஞ்சினில் அது 11.7, அமெரிக்க எஞ்சினில் 11.0. ஒரு சிலிண்டரில் பிஸ்டன் கடக்கும் இடம் ஏறக்குறைய 499 கன சென்டிமீட்டர். விகிதத்தில் ஒன்று கழித்து இதனை வகுத்தால், மேலே எஞ்சும் இடம் ஜப்பானியதில் 46.7, அமெரிக்கதில் 49.9 என வரும். வேறுபாடு மூன்று கன சென்டிமீட்டரினும் சற்றே மிகை. ஒரு தேக்கரண்டி நீரும் ஆகாது. மிகுதியாய் அமுக்கப்பட்ட கலவை எரிந்தபின் மிகுதியாய் விரியும். வெப்பத்தில் வேலையாக மாறும் பங்கு அதனால் உயரும். பௌதிக நூலில் உள்ள ஆட்டோவின் சூத்திரத்தால் கணக்கிட்டால் இவ்வுயர்வு நூற்றுக்கு ஒன்றரை. மீதியை ஏட்டுக் கணக்கு காட்டாது. தீப்பொறி எழும் நேரம் முதலியவற்றில் தேடவேண்டும்.

அற்றேல் அமெரிக்கர்க்கும் 11.7 கொடுத்தாலென்ன எனின், பெட்ரோல் இடங்கொடாது. அமுக்கம் மிகுந்தால், தீப்பொறியிலிருந்து பரவும் சுடர் சென்று சேருமுன்னரே ஓரத்திலுள்ள கலவை தானே வெடித்துச் சம்மட்டியால் அடித்தாற்போன்ற ஒலி எழும். நாளடைவில் பிஸ்டனே சிதையும். இதனைத் தாங்கும் தன்மையைக் குறிப்பதே ஆக்டேன் எண். ஜப்பானிய உயர்தரப் பெட்ரோல் அந்நாட்டு விதிப்படி 96-க்குக் குறையலாகாது. கடையில் விற்பது 100-ஐ ஒட்டியது. கலிபோர்னியாவில் உயர்தரம் என விற்பது 91. இங்கும் அளவுகோல் வேறு. அமெரிக்கர் இருவகைச் சோதனையின் சராசரியை எழுதுவர். ஜப்பானியர் முறையில் அது 95 அல்லது 96 ஆகும். ஆயினும் குறைவு குறைவே. எஞ்சினில் அவ்வொலியை உணரும் கருவி உண்டு. ஒலி எழுந்தவுடன் அது தீப்பொறியைத் தாமதப்படுத்தச் செய்யும். எஞ்சின் பிழைக்கும், அரும்பாடுபட்டுப் பெற்ற ஏழு குதிரைகளோ ஓடிப்போம்.

இனிச் செய்முறை. சிலிண்டர் தலையை அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இழைத்தால் கணக்கு நேராகுமெனச் சிலர் எண்ணுவர். அது எளிது போலத் தோன்றும் இடர். தலை தாழ்ந்தால் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளி சுருங்கும்; சங்கிலியால் இயங்கும் கேம் தண்டின் காலமும் சிறிது பிந்தும். 9000 சுற்றை எட்டும் எஞ்சினில் வால்வு பிஸ்டனைத் தொட்டால் அன்றே அதன் முடிவு. ஜப்பானிய எஞ்சினுக்கென்றே வார்த்த பிஸ்டன்களை இடுவது நேரிய வழி. அவற்றின் தலை சிறிது உயர்ந்திருக்கும். பிற உறுப்புகளை அறுக்கவேண்டுவதில்லை. வேறு கம்பெனிப் பிஸ்டனை இடுவோர் ஒன்றை மறத்தலாகாது. இச்சிலிண்டரின் உட்சுவர் வார்ப்பிரும்பன்று. நாரிழைகள் கலந்த அலுமினியம். இரும்பிற்கு ஒத்த பிஸ்டன் இதனைத் தேய்த்துவிடும். பழகாத பட்டறையில் இதனை மெருகிடக் கொடுப்பதும் கேடே.

நன்றாய் ஓடும் எஞ்சினை ஏழு குதிரைச் சக்திக்காகத் திறத்தல் தகாதென்றே யான் கருதுகின்றேன். வளையம் தேய்ந்தோ எண்ணெய் புகைந்தோ எப்படியும் பிரித்தாக வேண்டியவன், பழைய பிஸ்டனுக்கு ஈடாக ஜப்பானியதையே வாங்கி இடலாம். அதற்கும் முன் தன் ஊர்ப் பெட்ரோல் கடைக்குச் சென்று, குழாயின்மேல் ஒட்டியுள்ள எண்ணைப் படித்து வருதல் வேண்டும்.