துண்டுத் துணியில் ஒரு மலை

செட்டியார்பட்டியில் எங்கள் பள்ளி வாசலில் நின்று மேற்கே பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும். அந்த மலைத்தொடரில்தான் 1988இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம் அமைந்தது. 2021இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தின் ஒரு பகுதியானது. கண்ணெதிரே இருக்கும் மலையைப் பற்றி மாணவர்கள் அறிந்துகொள்ளட்டும் என்று, ஏழாம் வகுப்பில் அந்த அணிலைப் பற்றிப் பேசி, பெரிய சார்ட்டில் படமும் வரைந்து மாட்டினேன்.

எனக்குப் பென்சிலும் நீர்வண்ணமும் நன்றாக வரும். கோடு பிசகாமல் வரைவதுதான் என் பாணி. மறுநாள் மாணவர்கள் வரைந்து வந்த 32 நோட்டுகளைப் பார்த்தேன். வால் வளைவு முதல் கிளையின் கோணம் வரை 31 படங்களும் என் சார்ட்டின் நகல்கள். மலைக்கு மிக அருகில் வாழும் பிள்ளைகளில் ஒருவர்கூடத் தாம் பார்த்த மலையை வரையவில்லை. ஒரு மாணவியின் பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தது. "எனக்கு வரைய வராது டீச்சர்" என்றாள். அந்த ஆண்டு முழுவதும் அவளுடைய ஓவியப் பக்கங்கள் அப்படியே இருந்ததை அன்றுதான் கவனித்தேன்.

என் கைத்திறனே வகுப்புக்கு அளவுகோலாகிவிட்டது புரிந்தது. எனவே எனக்கும் பழக்கமில்லாத முறையில், எல்லோரும் சேர்ந்து ஒரு படம் செய்யலாம் என்று முடிவு செய்தேன். வெவ்வேறு பொருள்களை ஒரே படைப்பில் சேர்க்கும் கலப்பு ஊடகக் கலை அது.

தெரிந்த இடத்திலிருந்து தொடக்கம்

"ஆண்டாள் கையில் இருக்கும் கிளி எதனால் ஆனது?" என்று கேட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் நாள்தோறும் புதிதாகக் கட்டப்படும் கிளியை எல்லோரும் பார்த்திருந்தார்கள். மரவள்ளி இலை, மாதுளம்பூ, வாழைநார் என்று விடைகள் வந்தன. "அலகுக்கு ஏன் மாதுளம்பூ?" என்றதும், "நிறம்", "வளைவு" என்றார்கள். பொருளின் இயல்பைப் பார்த்து அதற்கு வேலை கொடுப்பதுதான் இக்கலையின் அடிப்படை. தஞ்சாவூர் ஓவியத்திலும் பலகை, துணி, சுண்ணப்பசை, தங்கத்தாள், கற்கள் எனப் பல பொருள்கள் சேர்கின்றன. 1912இல் பிக்காசோ பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சிட்ட துணியை ஓவியத்தில் ஒட்டி, சுற்றிலும் கயிற்றையே சட்டமாக வைத்தார்.

எங்கள் பகுதியில் துணிக்குப் பஞ்சமில்லை. செட்டியார்பட்டி, தளவாய்புரம் பக்கம் நைட்டி தைக்கும் வீடுகளில் வெட்டுத்துணி கிடைக்கும். பேண்டேஜ் துணிக்குப் பெயர்பெற்ற சத்திரப்பட்டியும் அருகில்தான். மாணவர்கள் ஒரே நாளில் இரண்டு பை நிறையக் கொண்டுவந்தார்கள்.

செய்த முறை

1. அட்டைப்பெட்டியைப் பிரித்து அடித்தளமாக வைத்தோம். முதல் அட்டையில் ஒரு பக்கம் மட்டும் ஈரப்பசை தடவித் தாள் ஒட்டினேன். காலையில் அது அப்பளம்போல் வளைந்து கிடந்தது. காயும்போது தாள் சுருங்கி அட்டையை இழுத்துவிடுகிறது. இரண்டாவது அட்டையில் இரு பக்கமும் தாள் ஒட்டிப் புத்தகங்களை அடுக்கி வைத்தோம், நேராக நின்றது.

2. மலைமுகடுகளுக்கு மட்டும் பென்சில் கோடு. வேறு எதையும் வரையவில்லை.

3. பேண்டேஜ் துணியை மைதாப் பசையில் நனைத்து, மடிப்பு மடிப்பாகச் சுருக்கி மலையாக ஒட்டினோம். காய்ந்ததும் விறைப்பாகிவிட்டது. (பசையில் மயில்துத்தம் கலப்பது பழைய வழக்கம். அது நஞ்சு என்பதால் வகுப்பறையில் வேண்டாம்.)

4. நன்கு காய்ந்த பிறகே வண்ணம். இழை இடைவெளிகளில் நீர்வண்ணம் தானாகப் பரவியது. என் தூரிகைக்கு அங்கு வேலை குறைவு.

5. அதன்மேல் வெட்டுத்துணியால் காடு. புளியங்கொட்டை, சுள்ளி போன்ற கனமான பொருள்களைக் கடைசியில் வைத்து, அட்டையில் துளையிட்டு நூலால் கட்டினோம். ஊசி வேலையை நானே செய்தேன்.

நான் மாணவியான இடம்

ஐந்தாவது படியில் நான் திணறினேன். மலைச்சரிவுக்கு ஏற்பத் துணியை வளைத்து ஒட்டினால் சுருக்கம் விழுந்தது; ஓரமெல்லாம் நூல் பிரிந்தது. வெற்றுப்பக்க மாணவி சற்று நேரம் பார்த்துவிட்டு, "டீச்சர், நேரா வெட்டுனா அப்படித்தான் பிசிறும். கிராஸா வெட்டுங்க, வளைஞ்சு கொடுக்கும்" என்றாள். அவள் அம்மா வீட்டில் தையல் வேலை செய்பவர்.

வெட்டிக் காட்டினாள். ஊடும் பாவும் போகும் திசைக்குச் சாய்வாக வெட்டிய பட்டை, சரிவோடு சரிவாகப் படிந்தது. "ஏன் வளைகிறது?" என்று வகுப்பைக் கேட்டேன். பேண்டேஜ் துணியின் நான்கு சதுரக் கட்டங்களை உருப்பெருக்கி வழியே பார்த்தார்கள். நேராக இழுத்தால் நூல் தடுக்கிறது. மூலைக்கு மூலை இழுத்தால் சதுரம் சாய்சதுரமாகிறது. கணக்குப் பாடமும் அங்கேயே நடந்தது.

அணிலின் வாலையும் அவளே செய்தாள். பேண்டேஜ் துணியின் நூலை ஒருபுறம் உருவி, மீதியைத் தூரிகைபோல் விரித்தாள். பழக்கதோஷத்தில் நான் கத்தரியை எடுத்துப் பிசிறைச் சமன்செய்யப் போனேன். "வேண்டாம் டீச்சர், அதுதான் முடி" என்றாள். கத்தரியை வைத்துவிட்டேன். அன்று மாலை எல்லோரும் போன பிறகும், கோணலாக ஒட்டியிருந்த ஒரு மரத்தைச் சரிசெய்யக் கை பரபரத்தது. தொடாமல் வீட்டுக்குப் போனது எனக்கு எளிதாக இருக்கவில்லை.

அந்தக் கோணல் மரத்தால்தான் மறுநாள் பாடம் வளர்ந்தது. அதற்கும் அடுத்த மரத்துக்கும் இடையே பெரிய இடைவெளி. "அணில் எப்படித் தாண்டும்?" என்று ஒரு மாணவன் கேட்டான். இந்த அணில் மரத்துக்கு மரம் தாவி வாழ்வது. கிளைகள் தொடர்ந்து இருந்தால்தான் அதற்குப் பாதை. இதை நான் சார்ட்டை வைத்துச் சொன்னபோது யாரும் கேள்வி கேட்கவில்லை. இப்போது அவர்களாகவே இடையில் இன்னும் இரண்டு மரங்கள் ஒட்டினார்கள்.

மதிப்பீடு

வளரறி மதிப்பீட்டில் படத்தின் அழகுக்கு மதிப்பெண் தரவில்லை. ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்விகள் கேட்டேன்: எந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்தாய், ஏன்? எது சரியாக வரவில்லை? அதை எப்படி மாற்றினாய்? நகல் எடுத்துப் பழகியவர்களுக்கு இரண்டாவது கேள்விதான் கடினமாக இருந்தது. வெற்றுப்பக்க மாணவிக்கு மூன்றுக்கும் விடை இருந்தது.

அடுத்த பாடத்துக்கு அவள் நோட்டைத் திறந்தபோது, இலையின் நரம்புகளை நூலால் ஒட்டியிருந்தாள். பென்சில் கோடு ஒன்றும் இல்லை. நடுநரம்பும் கிளைநரம்புகளும் சரியான இடத்தில் இருந்தன. முழு மதிப்பெண் அளித்தேன்.

ஆசிரிய நண்பர்களே, நமக்கு நன்றாக வரும் ஒன்றைத்தான் வகுப்பில் திரும்பத் திரும்பச் செய்கிறோம். பருவத்துக்கு ஒரு முறையாவது நமக்குக் கைவராத பொருளை எடுத்துப் பாருங்கள். உங்கள் ஊரில் அது பனையோலையாக இருக்கலாம், களிமண்ணாக, தென்னம்பாளையாக, மீன்வலையாக இருக்கலாம். நாம் திணறும்போது சொல்லித்தர வகுப்பில் யாரோ ஒருவர் இருப்பார். அவர் யார் என்று தெரிந்துகொள்ளவாவது ஒருமுறை திணறலாம்.