கீழே விழுந்த பழத்தை விடாதே!

முன்னுரை

நம்ம ஊரில் நிறைய வீட்டில் காப்பிச் செடி இருக்கிறது. போன வருஷம் எங்கள் காப்பியை வாங்க வந்த வியாபாரி ஒரு கை அள்ளிப் பார்த்தார். "எல்லாம் பொத்தல்" என்று விலையைக் குறைத்துவிட்டார். அப்பா அன்னைக்கு ராத்திரி சரியாகவே சாப்பிடவில்லை. அந்தப் பொத்தல் போட்டது யார்?

காய்த்துளைப்பான் வண்டு

இது எள்ளை விடச் சிறிய கறுப்பு வண்டு. நீளம் 2 மில்லிமீட்டர் கூட இருக்காது. இதன் சொந்த ஊர் ஆப்பிரிக்கா. இந்தியாவில் இதை முதன்முதலில் கண்டது நம் கூடலூரில்தான், 1990ஆம் ஆண்டில்!

பெண் வண்டு காயின் நுனியில் துளை போட்டு உள்ளே போய் முட்டை இடும். புழுக்கள் கொட்டையைத் தின்று வளரும். சுமார் ஒரு மாதத்தில் புது வண்டு ஆகிவிடும். காப்பியில் உள்ள கஃபீன் பல பூச்சிகளுக்கு விஷம். ஆனால் இதன் வயிற்றில் உள்ள பாக்டீரியா அதைச் சிதைத்துவிடும் என்று 2015இல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்.

மருந்து அடித்தால் போதாதா?

அப்பாவும் இதைத்தான் கேட்டார். வண்டு கொட்டைக்குள் இருக்கிறது. மேலே அடிக்கிற மருந்து அதன் மேல் படாது. சிலந்தி, எறும்பு போன்ற நமக்கு உதவுகிறவைதான் சாகும். மழை பெய்தால் மருந்து ஓடைக்கு வரும். முன்பு அடித்த எண்டோசல்பானை 2011இல் உச்ச நீதிமன்றமே தடை செய்தது.

அறுவடை முடிந்த பிறகு வண்டு எங்கே போகும்? எங்கும் போகாது. செடியில் விட்ட பழத்திலும் கீழே விழுந்த பழத்திலும் இருந்துகொண்டு அடுத்த காய்க்குக் காத்திருக்கும். அந்த வீட்டைக் காலி பண்ணுவதுதான் நம் வேலை.

செய்ய வேண்டியவை

1. பழுத்ததும் தாமதிக்காமல் பறிக்க வேண்டும். ஒரு பழம்கூட செடியில் விடக் கூடாது.
2. பறிக்கும்போது செடிக்கு அடியில் சாக்கு விரிக்க வேண்டும்.
3. கீழே விழுந்ததை எல்லாம் பொறுக்க வேண்டும்.
4. பொத்தல் பழத்தைக் கொதிக்கிற தண்ணீரில் 2, 3 நிமிடம் போட்டு எடுக்க வேண்டும். (இது பெரியவர்கள் செய்ய வேண்டியது.)
5. களத்தில் நன்றாகக் காய வைக்க வேண்டும். ஈரம் இருந்தால் மூட்டைக்குள்ளும் வண்டு பெருகும்.
6. மழைக்காலத்தில் பிவேரியா என்ற பூஞ்சையைத் தெளிக்கலாம். அது வண்டின் உடம்பில் வளர்ந்து அதைக் கொல்லும்.
7. நிழல் மரங்களை வெட்டக் கூடாது. அங்கே தங்கும் குருவிகள் வண்டைத் தின்னும்.

முடிவுரை

இந்த வருஷம் லீவு நாளில் பாட்டியோடு நானும் பழம் பொறுக்கினேன். ஒரு பழத்தைப் பிளந்து எண்ணினேன். உள்ளே 11 வண்டு! "ஒரு பழம்தானேன்னு விட்டா அத்தனையும் பறந்து போயிருக்கும்" என்றார் பாட்டி.

இப்போது எங்கள் காப்பியில் பொத்தல் குறைந்திருக்கிறது. ஆனால் முழுசாகப் போகவில்லை. ஏனென்றால் பக்கத்துத் தோட்டத்தில் யாரும் பொறுக்குவதில்லை. வண்டுக்கு வேலி தெரியாதே! அதனால் இதைப் படிக்கிற ஒவ்வொருவரும் இன்று வீட்டில் போய்ச் சொல்லுங்கள்.

சிந்திக்க: உங்கள் தோட்டத்தில் செடிக்கு அடியில் எத்தனை பழம் கிடக்கிறது?

– ஒன்பதாம் வகுப்பு மாணவி