மீன் பிடிக்கலாம், ஆமை பிடிக்கக் கூடாதா?

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் கேட்ட கேள்வியே இக்கட்டுரையின் தலைப்பு. "சார், அப்பா தினமும் மீன் பிடிக்கிறார். அவரை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆமையைத் தொட்டால் மட்டும் ஜெயிலா?" என்றான். நியாயமான கேள்விதான். "சட்டம் அப்படி" என்று சொல்லிவிட்டால் பிள்ளைகள் பயப்படுவார்கள்; விஷயம் புரியாது. அன்று அவனுக்குச் சொன்னதைப் பெற்றோர்களும் படிக்க வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எந்த ஆமை?

2018 டிசம்பரில் ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் மாறிய நம் ஹேவ்லாக்கில் பெரிய ஏரியோ ஆறோ கிடையாது. இங்கே ஆமை என்றால் கடலாமைதான். வள்ளுவர் ஐந்து அடக்கலுக்கு உவமை சொன்ன ஆமை தலையையும் நான்கு கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். கடலாமைக்கு அது முடியாது. அதன் கால்கள் துடுப்புகளாகிவிட்டன. நீரில் அது வேகமாக நீந்தும்; கரையில் ஏறிவிட்டால் தற்காப்பு எதுவும் இல்லை.

அந்தமான் நிக்கோபார் கரைகளில் நான்கு வகைகள் முட்டையிடுகின்றன. அவற்றின் தமிழ்ப் பெயர்களைப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். கடற்புல் மேய்வது பேராமை. பவளப்பாறைகளில் கடற்பஞ்சு தின்பது கிளிமூக்கு கொண்ட அழுங்காமை. பங்குனி ஆமை என்றும் அழைக்கப்படும் சிறியது சிற்றாமை. முதுகில் ஏழு வரி ஓடும் மிகப் பெரியது ஏழுவரி ஆமை. இதைத் தோணி ஆமை என்றும் சொல்வார்கள். நம் தீவைச் சுற்றி முத்துக்குளிப்பவர் போல மூழ்கிப் பார்க்கும் பயணிகள் பெரும்பாலும் காண்பது பேராமையும் அழுங்காமையும்தான்.

நம்மவர் ஆமை பிடித்த விதம்

ஆமை பிடிப்பது நம்மவர்க்குப் புதிய தொழில் அல்ல. என் தாய்வழித் தாத்தா பாம்பன் பக்கத்தவர். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் ஆமை பிடிப்பது அக்காலத்தில் முறையான வியாபாரம். 1960களில்கூட ஆண்டுக்குச் சில ஆயிரம் ஆமைகள் அங்கே பிடிபட்டன. அவற்றில் பேராமையே அதிகம். உயிருடன் யாழ்ப்பாணத்துக்கும் அனுப்பினார்கள். தூத்துக்குடியில் அதன் பச்சை இரத்தத்தை மருந்தென்று நம்பிக் குடித்தவர்களும் உண்டு.

தாத்தா சொன்ன முறை எளியது. கடற்புல் விளைந்த இடத்தில் பெரிய கண் உள்ள வலையைத் தளர்வாக விரிப்பார்கள். மேய வரும் ஆமை அதில் துடுப்பை மாட்டிக்கொள்ளும். ஆமைக்குச் செவுள் கிடையாது; மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். வலையோடு மேலே வருகிற அளவுக்குத் தளர்வு இருந்தால்தான் ஆமை உயிரோடு கிடைக்கும். கரைக்கு முட்டையிட வரும் ஆமையைப் பிடிக்க வலைகூட வேண்டாம். இரண்டு பேர் சேர்ந்து மல்லாத்திப் போட்டால் போதும். அது தானாகத் திரும்பாது.

தாத்தாவுக்கு மணல் தடத்தைப் பார்த்தே ஆமையின் வகை தெரியும். பேராமையும் ஏழுவரி ஆமையும் இரண்டு முன்துடுப்புகளையும் ஒருசேர வீசி நகர்வதால் தடம் இருபுறமும் ஒத்திருக்கும். சிற்றாமையும் அழுங்காமையும் மாற்றி மாற்றி வீசும்; தடமும் மாறி மாறி விழும். பிடிப்பதற்காகக் கற்ற இந்த அறிவை இன்று காவலுக்குப் பயன்படுத்தலாம். தடம் தெரிந்தால் முட்டைக்குழி எங்கே என்று வனத்துறைக்குச் சொல்ல முடியும்.

ஒரு கணக்குப் பாடம்

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம். சூரை மீன் ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் முட்டையிடும் பருவத்தை அடைகிறது. இடுவதோ இலட்சக்கணக்கில். இன்று பிடித்த மீனின் இடத்தைக் கடல் விரைவில் நிரப்பிவிடும்.

பேராமைக்கு அந்தப் பருவம் வர இருபது முதல் நாற்பது ஆண்டுகள் ஆகும். ஒரு குழியில் சுமார் நூறு முட்டைகள். ஒரு பருவத்தில் சில குழிகள். பிறகு இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் ஓய்வு. முட்டை பொரிய ஏறத்தாழ இரண்டு மாதம். குஞ்சுகளை நாய், நண்டு, பறவை, மீன் எல்லாம் தின்னும். ஆயிரத்தில் ஒன்று பிழைத்துப் பெரிதாகும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஆகவே கரையேறும் ஒரு தாய் ஆமை, அந்த ஆயிரத்தில் பிழைத்த ஒன்று. அதை மல்லாத்திவிட்டால் அதன் இடத்தை நிரப்ப இன்னொன்று வளர்ந்து வருவதற்குள் எட்டாம் வகுப்புப் பையனுக்கு நாற்பது வயதாகிவிடும்.

இது வெறும் கணக்கல்ல. நேரில் கண்ட சான்றும் இருக்கிறது. வட அமெரிக்காவின் ஏரிகளிலும் ஆறுகளிலும் கடிக்கும் ஆமை என்று ஒன்று உண்டு. ஓட்டுக்குள் ஒடுங்க முடியாத அது, வாயால்தான் தன்னைக் காத்துக்கொள்ளும். கறிக்காக அதைப் பிடிப்பது அங்கே பழைய வழக்கம். கனடாவின் அல்காங்குவின் பூங்காவில் 1972 முதல் அந்த ஆமைகளை ஆராய்ந்து வந்தார்கள். 1980களின் பிற்பகுதியில் சில ஆண்டுகளுக்கு நீர்நாய்கள் வளர்ந்த ஆமைகளைக் கொன்றன. எண்ணிக்கை பெரிதும் குறைந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும் அது பழைய நிலைக்கு மீளவில்லை. முட்டைகள் போனால் தாய் மறுபடி இடும். தாய் போனால் ஈடு கிடையாது என்பது இதனால் தெளிவாயிற்று. ஒண்டாரியோ மாகாணம் 2017இல் அந்த ஆமை வேட்டையை நிறுத்திவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 1977இல் கடலாமைகள் சேர்க்கப்பட்டன. யானைக்கும் புலிக்கும் உள்ள அதே பாதுகாப்பு. ஆமையைப் பிடிப்பது, கறி விற்பது, முட்டை எடுப்பது, ஓட்டை வீட்டில் அலங்காரமாக மாட்டுவது எல்லாமே குற்றம். தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. அபராதம் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி குறைந்தது 25,000 ரூபாய்.

"நிக்கோபாரில் பிடிக்கிறார்களே?" என்று சிலர் கேட்பதுண்டு. நிக்கோபார் தீவுகளின் பழங்குடியினருக்குத் தொன்றுதொட்டுள்ள வேட்டை உரிமையை அச்சட்டத்தின் 65ஆம் பிரிவு காக்கிறது. பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்த நமக்கு அது பொருந்தாது.

தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை

யாராவது "நாட்டு மருந்து" என்று சொல்லி ஆமைக்கறி கொடுத்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். கடலாமைக் கறி, குறிப்பாக அழுங்காமைக் கறி, சில வேளைகளில் கொடிய நஞ்சாகிவிடும். பார்வையிலோ மணத்திலோ தெரியாது. எவ்வளவு வேகவைத்தாலும் நீங்காது. வாந்தி, வாயும் தொண்டையும் எரிச்சல், பிறகு மயக்கம் என்று முற்றும். மாற்று மருந்து கிடையாது. தாய் சாப்பிட்டால் தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்கும் போகும். 2024 மார்ச்சில் சான்சிபாரின் பெம்பா தீவுப் பகுதியில் ஆமைக்கறி உண்டு இறந்த ஒன்பது பேரில் எட்டுப் பேர் குழந்தைகள். தமிழ்நாட்டுக் கரையிலும் இத்தகைய சாவுகள் முன்பு நேர்ந்திருக்கின்றன. இங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடல் தாண்டிப் போக வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

வலையில் தானாகச் சிக்கினால்

மீனவச் சகோதரர்களுக்கு இது முக்கியம். வேண்டுமென்று பிடிக்காவிட்டாலும் ஆமை வலையில் மாட்டத்தான் செய்யும். நீருக்கடியில் நெடுநேரம் மாட்டினால் மூச்சுமுட்டிச் சாகும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான சிற்றாமைகள் இறந்து ஒதுங்கியதை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள்.

உயிரோடு துடிப்பாக இருந்தால் நூலை அறுத்து, இயந்திரத்தை நிறுத்தி, மெதுவாக நீரில் விடுங்கள். அசையாமல் கிடந்தால் இறந்துவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். மல்லாத்தவும் வேண்டாம். வயிறு கீழே இருக்கும்படி வைத்து, பின்பக்கத்தை அரை அடியாவது உயர்த்துங்கள். நுரையீரலில் ஏறிய நீர் வடியும். நிழலில் ஈரச் சாக்கு போர்த்துங்கள், மூக்கை மூடாதீர்கள். நான்கு மணி நேரமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். தேறியதும் விடலாம். இப்படிச் செய்பவர் மீது பழி வராமலிருக்க, கரைக்குக் கொண்டுவர நேர்ந்தால் உடனே வனத்துறைக்குத் தெரிவித்துவிடுங்கள்.

கரையில் நாம் செய்யக்கூடியது

அகநானூற்றின் 160ஆம் பாடலில், தாய் ஆமை மணலில் புதைத்த முட்டையை ஆண் ஆமை காவல் காப்பதாக வரும். ஆமை முட்டையை மறைக்கும் விதத்தை அப்புலவர் எவ்வளவு கூர்ந்து கண்டிருக்கிறார்! ஆனால் இயற்கையில் ஆண் கடலாமை கரைக்கு வந்து காவல் இருப்பதில்லை. தாயும் மூடிவிட்டுப் போய்விடும். காவல் வேலை நம்முடையது.

அது கடினமான வேலை அல்ல. முட்டையிடும் மாதங்களில் இரவு கரைக்குப் போனால் டார்ச் அடிக்காதீர்கள். கரையோரக் கடைகளில் வேலை செய்வோர் கடலைப் பார்த்த விளக்கை அணையுங்கள். குஞ்சுகள் ஒளியைக் கடல் என்று எண்ணிச் சாலைக்கு வந்துவிடும். வளர்ப்பு நாயை இரவில் கட்டிப்போடுங்கள். நம் தீவுகளில் முட்டைக்குழியைத் தோண்டுவதில் நாய்க்குப் பெரும் பங்கு உண்டு. சின்ன அந்தமானில் அடையாளக் கருவி பொருத்தப்பட்ட ஏழுவரி ஆமைகளில் சில மேற்கு ஆஸ்திரேலியா பக்கமும் சில ஆப்பிரிக்கா பக்கமும் போயின. அவ்வளவு தூரம் போகிறதும் முட்டையிட இந்தக் கரைகளையே தேடி வருகிறது.

மாணவர்களுக்கான வினாக்கள்

1. நம் தீவுகளில் முட்டையிடும் நான்கு கடலாமைகளின் தமிழ்ப் பெயர்கள் யாவை?
2. மணல் தடத்தைக் கொண்டு பேராமையையும் சிற்றாமையையும் எப்படிப் பிரித்தறியலாம்?
3. சூரை மீனைப் பிடிப்பதற்கும் பேராமையைப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஐந்து வரிகளில் எழுதுக.
4. வலையில் சிக்கி மயங்கிய ஆமைக்குச் செய்ய வேண்டிய முதலுதவியை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லிக் காட்டுக.