கோமதி அம்மன் சந்நிதியும் மருந்துச் சீட்டும்

சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயிலில், கோமதி அம்மன் சந்நிதிக்கு எதிரே தரையில் ஒரு சிறு குழி இருக்கிறது. ஸ்ரீசக்கரம் பதித்த இடம் என்பார்கள். மனக்கலக்கம் உள்ளவர்கள் அதில் உட்கார்ந்து வேண்டிக்கொள்வது இந்த ஊரின் நெடுநாள் வழக்கம். வயதானவர்களுக்கு அது பெரிய பிடிமானம். வீட்டார் அதைக் குறைத்துப் பேச வேண்டாம்.

ஆனால் மனச்சோர்வு பக்தியையும் தின்றுவிடும். தினமும் விளக்கேற்றிய பாட்டி திரியையே தொடாமல் இருக்கிறாரா? "சாமி என்னைக் கூப்பிட்டுக்கிட மாட்டேங்குதே" என்று அடிக்கடி சொல்கிறாரா? பின்னிரவு 3 மணிக்கே விழித்துக்கொண்டு, சோறும் வேண்டாம் என்கிறாரா? 2 வாரம் இப்படி நீடித்தால், வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு, பி12 குறைபாட்டிலும் இதே சோர்வு வரும். ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது.

மனச்சோர்வு மாத்திரை வேலைசெய்யத் தொடங்கவே சில வாரம் ஆகும். விரத நாளிலும் தானாக நிறுத்தக் கூடாது. கோயில் பிரசாதமான புற்றுமண்ணைப் பூசிக்கொண்டே மாத்திரையும் போடலாம். ஏர்வாடி தர்காவில் பிரார்த்தனையோடு மனநல சிகிச்சையும் தரும் 'தவா-துவா' திட்டம் இந்த வழியில் வந்ததுதான்.

கோயிலின் ஆடித்தபசுத் திருவிழா நெரிசலில், மூட்டுவலி உள்ள பெரியவரைக் கோயிலைப் பலமுறை வலம்வரும் ஆடிச்சுற்று சுற்ற விடாதீர்கள். சாதாரண நாள் சாயங்காலம் அழைத்துப்போய், பிராகாரத்தில் பேச்சுத்துணையாக உட்காருங்கள்.

சாவைப் பற்றிய பேச்சு வந்தால் நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வளராது. பூச்சிமருந்தைப் பூட்டி வையுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416: 24 மணி நேரமும், கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம்.