மீட்புச் சொற்களைப் பேணும் முறை

பனச்சமூடு கேரளத்தின் நெய்யாற்றின்கரைப் பகுதிக்கும் தமிழ்நாட்டின் விளவங்கோடு வட்டத்திற்கும் இடையே, எல்லைக்கோட்டை ஒட்டி அமைந்த சந்தை ஊர். இதனைச் சூழ்ந்த சிற்றூர்களில் தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்குகின்றன. ஒரே குடும்பத்தார் எல்லையின் இருபுறத்தும் வாழ்தலும், வீட்டிலொருவர் வளைகுடா நாடுகளில் பணிபுரிதலும் இங்கே இயல்பு. இவ்வீடுகளின் பெட்டிகளில் நிலப் பிரமாணம், குடும்ப அட்டை, பள்ளிச் சான்றிதழ் முதலியன நெடுங்காலமாகப் பேணப்பட்டு வருகின்றன. அண்மைக் காலத்தில் சில வீடுகளில் இவற்றோடு புதியதொரு தாளும் இடம்பெறத் தொடங்கியுள்ளது. அதில் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். கிரிப்டோ நாணயம் வைத்திருப்போரின் மீட்புச் சொற்கள் இவை.

பிற ஆவணங்களுக்கும் இத்தாளுக்கும் அடிப்படையானதொரு வேறுபாடு உண்டு. 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு உள்ளிட்ட வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆட்சி மாறியபோதும் நிலத்திற்குரிய பதிவுகள் அலுவலகங்களில் இருந்தன. 2018 ஆகஸ்டில் கேரளத்தைத் தாக்கிய பெருவெள்ளத்தில் ஆவணங்களை இழந்தோருக்கு, மாநில அரசு அதாலத்துகள் நடத்தி நகல்களை வழங்கிற்று. மூலப் பதிவு வேறிடத்தில் இருந்தமையாலேயே இது இயன்றது. மீட்புச் சொற்களுக்கோ பதிவு அலுவலகம் எதுவும் இல்லை. தாள் அழிந்து, கருவியும் பழுதுற்றால், நகல் கேட்டு மனுச்செய்ய இடமில்லை. ஆகவே, அத்தாளைப் பேணும் முறையைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நன்று.

இக்கட்டுரை கிரிப்டோ நாணயத்தை வாங்கப் பரிந்துரைப்பதன்று. அதன் விலை பெரிதும் ஏறியிறங்கும். அதனால் விளையும் இடர்களைக் குறித்து ரிசர்வ் வங்கி 2013 டிசம்பரிலேயே பொதுமக்களை எச்சரித்தது. இந்தியாவில் அது சட்டபூர்வ நாணயம் அன்று. எனினும், அதன் ஆதாயத்தின் மீது 2022 ஏப்ரல் முதல் 30 சதவீத வருமான வரி விதிக்கப்படுகிறது. அது உடைமையாகக் கருதத்தக்கது எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் தீர்ப்பளித்தது. உடைமை உள்ளவிடத்துப் பாதுகாப்பும் வேண்டும்.

மீட்புச் சொற்கள் யாவை?

கிரிப்டோ நாணயம் கைப்பேசிக்குள்ளோ கருவிக்குள்ளோ இருப்பதில்லை. யாருக்கு எவ்வளவு உரியது என்னும் கணக்கு உலகெங்குமுள்ள கணினிகளில் பொதுப் பேரேடாக இருக்கிறது. அக்கணக்கிலிருந்து தொகையை மாற்ற ஓர் இரகசியத் திறவெண் வேண்டும். அவ்வெண்ணைக் காத்து வைக்கும் கருவி அல்லது செயலியே வாலட் எனப்படுகிறது.

நீண்ட எண்ணைக் கையால் பிழையின்றி எழுதுதல் அரிது. ஆகையால், அதனைச் சொற்களாக மாற்றி எழுதும் முறையொன்று 2013-இல் வகுக்கப்பட்டது. இம்முறையில் 2,048 சொற்கள் கொண்ட பட்டியல் உண்டு. 2,048 என்பது 2-இன் 11-ஆம் படி. எனவே ஒவ்வொரு சொல்லும் 11 பிட் அளவுள்ள செய்தியைக் குறிக்கும். 12 சொற்களில் 132 பிட்டுகள் அடங்கும். இவற்றுள் 128 தற்செயலாகத் தேர்ந்தவை. எஞ்சிய 4 பிழை காண்பதற்கானவை. 24 சொற்களாயின் 256-ம் 8-ம் ஆகும். 2-இன் 128-ஆம் படி 39 இலக்கங்கள் கொண்ட எண்ணாதலின், ஊகத்தால் இச்சொற்களைக் கண்டறிதல் எவ்வகைக் கணினிக்கும் இயலாது. ஆனால் சொற்களைப் பார்த்துவிட்டவனுக்கு வேறெதுவும் வேண்டுவதில்லை. உலகின் எம்மூலையிலிருந்தும் அவன் தொகை முழுவதையும் சில நிமிடங்களில் மாற்றிக்கொள்ளலாம். மாற்றியதை மீளப்பெற வழியில்லை.

இருவகை ஆபத்து

மீட்புச் சொற்களுக்கு நேரும் ஆபத்து இருவகைப்படும். ஒன்று இழப்பு; மற்றொன்று களவு. ஒன்றினைத் தடுக்கும் வழி மற்றொன்றைப் பெருக்கும் என்பதே இதிலுள்ள இடர்ப்பாடு. படிகள் பல எடுத்தால் இழப்பு அருகும், களவு எளிதாகும். ஒரே படியை ஒருவர் மட்டும் அறிய மறைத்தால் களவு அருகும், இழப்பு எளிதாகும். பாதுகாப்பு என்பது இவ்விரண்டையும் ஒருசேர எடைபோடுவதாகும்.

இழப்பிற்கு எடுத்துக்காட்டாக வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரில் 2013-இல் நிகழ்ந்ததைக் கூறலாம். அங்கு ஏறத்தாழ 8,000 பிட்காயினுக்குரிய திறவெண் அடங்கிய கணினி வட்டு குப்பைக்குச் சென்றுவிட்டது. குப்பைமேட்டைத் தோண்டக் கோரிய வழக்கையும் 2025 ஜனவரியில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இந்தியாவோடு தொடர்புடைய நிகழ்ச்சியும் உண்டு. கனடாவில் குவாட்ரிகா என்னும் கிரிப்டோ நாணயச் சந்தையை நடத்திவந்த ஜெரால்டு காட்டன் 2018 டிசம்பரில் ஜெய்ப்பூரில் காலமானார். திறவெண்களை அவர் ஒருவரே அறிந்திருந்தார் என அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 76,000 வாடிக்கையாளரின் பணம் முடங்கியது. பின்னர் நடந்த தணிக்கையில் அவ்வாலட்டுகள் பல மாதங்கட்கு முன்னரே வெறுமையாயிருந்தமை தெரியவந்தது. அங்கு நடந்தது மோசடியே என ஒன்டாரியோ பங்குப்பத்திர ஆணையம் 2020-இல் முடிவு கூறியது. திறவுகோல் ஒருவர் கையில் மட்டும் இருக்குமாயின், பெட்டியில் பொருள் உண்டா இல்லையா என்பதைக்கூடப் பிறர் அறிய இயலாது என்பதே இதன் பாடம்.

எழுதும் பொருள்

பனச்சமூட்டுப் பகுதியில் இடவப்பாதி மழையும் துலாவருஷ மழையும் பெய்கின்றன. ஆண்டின் பெரும்பகுதியில் காற்றில் ஈரப்பதம் மிகுதி. தாளின் மூலப்பொருளான செல்லுலோஸ் கறையானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் உணவாகும். பூஞ்சணமும் அதில் வளரும். நீரில் கரையும் மை ஒரே நனைவில் பரவிவிடும். பற்றுச்சீட்டுகளுக்குப் பயன்படும் வெப்ப அச்சுத் தாளின் எழுத்து நாளடைவில் தானே மறையும். பென்சிலின் கரி நீரில் கரைவதில்லை. எனவே தாளில் எழுதுவோர் பென்சிலையே கொள்ளுதல் நன்று. ஆயினும் ஏறத்தாழ 230 செல்சியஸ் பாகையில் தாள் தீப்பற்றும்.

இந்நாட்டு முன்னோர் ஓலையில் எழுத்தாணியால் கீறி எழுதினர். எழுத்து மேற்பரப்பில் பூசப்படாமல் பொருளுக்குள்ளேயே பதிந்தமையால், மை அழிந்தாலும் மீண்டும் கரி தடவிப் படிக்க இயன்றது. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் தொடர்பான மதிலகம் ஆவணங்கள் இவ்வாறு ஓலையில் எழுதப்பட்டவையே. அந்நகரின் கோட்டைப் பகுதியிலுள்ள ஆவணக் காப்பகத்தில் 2022-இல் ஓலைச்சுவடி அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

எழுத்தைப் பொருளுக்குள் பதித்தல் என்னும் அதே தத்துவம் மீட்புச் சொற்களுக்கும் ஏற்றது. இக்காலத்தில் ஓலைக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகுத் தகடு பயன்படுகிறது. எவர்சில்வர்ப் பாத்திரங்களில் பெயர் பொறிக்கும் வழக்கம் யாவரும் அறிந்ததே. ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள தகட்டில், எழுத்து முனையுள்ள எஃகுக் குச்சிகளைச் சுத்தியலால் அடித்துச் சொற்களைப் பதிக்கலாம். வீட்டுத் தீயின் வெப்பநிலை சில வேளைகளில் 1,000 பாகையை நெருங்கும். அலுமினியம் 660 பாகையில் உருகிவிடும். எவர்சில்வர் உருக ஏறத்தாழ 1,400 பாகை வேண்டும். சாதாரண இரும்புத் தகடு ஈரத்தில் துருவேறும். இப்பணியைப் பாத்திரக் கடைக்காரரிடம் ஒப்படைத்தல் கூடாது. சொற்களை அவர் படித்தால் இரகசியம் அப்போதே நீங்கிவிடும்.

எழுதும் முறை

பட்டியலிலுள்ள ஒவ்வொரு சொல்லையும் அதன் முதல் நான்கு எழுத்துகளே பிறவற்றிலிருந்து வேறுபடுத்திக் காட்டும். எனவே தகட்டில் நான்கெழுத்துகள் பதித்தாலே போதும். ஒவ்வொன்றிற்கும் வரிசை எண் இடுதல் இன்றியமையாதது.

அதிகாரபூர்வப் பட்டியல்களுள் தமிழோ மலையாளமோ இல்லை. இதனால் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைப்போர் உளர். இது தவறு. சிறுவனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும், கருவித் தொகுதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் தமிழில் 'கிட்' என்றே எழுதப்படும். இவ்விரண்டும் பட்டியலில் தனித்தனியே உள்ளன. பத்தாண்டு கழித்துப் படிப்பவர் எதனைக் கொள்வார்? ஆகவே ரோமன் பெரிய எழுத்துகளிலேயே எழுதுதல் வேண்டும்.

சொற்களைப் புகைப்படம் எடுத்தல், கைப்பேசிக் குறிப்பில் சேர்த்தல், மின்னஞ்சலில் அனுப்புதல், ஒளிநகல் எடுத்தல் ஆகியன விலக்கத்தக்கவை. கைப்பேசியில் எடுத்த படம் உரியவர் அறியாமலே இணையச் சேமிப்பகத்திற்குச் செல்லக்கூடும். இணையத்தோடு தொடர்பற்ற பொருளில், கையால் எழுதுவதே நெறி.

சில போலிக் காப்புகள்

சொற்களை வரிசை மாற்றி எழுதினால் திருடனால் பயன்படுத்த இயலாது எனச் சிலர் எண்ணுகின்றனர். 12 சொற்களை 47,90,01,600 வகையில் வரிசைப்படுத்தலாம். பிழைகாண் பிட்டுகளின் சோதனையில் இவற்றுள் பதினாறில் ஒன்றே தேறும்; எஞ்சுவன ஏறத்தாழ மூன்று கோடி. கணினிக்கு இது பெருந்தொகையன்று. அதே வேளையில், வரிசையை மறந்த முதியவருக்கு இது கடக்க முடியாத தடை. ஒரு சொல்லை மட்டும் எழுதாது விடுதலும் அத்தகையதே. 2,048 சொற்களுள் சோதனையில் தேறுவன சராசரி 128 மட்டுமே.

சொற்களை இரு பாதியாக்கி இரு வீடுகளில் வைப்பதும் நன்றன்று. இரண்டிலொன்று கறையானுக்கு இரையானாலும் முழுவதும் போயிற்று. இரகசியத்தை மூன்று பங்காக்கி, எவ்விரண்டு சேர்ந்தாலும் மீட்கவும், ஒன்றால் மட்டும் எதுவும் அறியவியலாதவாறும் செய்யும் கணித முறையை ஆடி ஷமீர் 1979-இல் வெளியிட்டார். அதற்கு இசைந்த கருவி உள்ளோர் அதனைக் கையாளலாம். கையால் துண்டாடுதல் அதற்கு ஈடாகாது.

வைக்குமிடமும் வாரிசும்

பெரும்பாலான குடும்பங்களுக்கு இரு முழுப்படிகள் போதுமானவை. ஒன்று வீட்டிலும், மற்றொன்று அதே வெள்ளமோ தீயோ எட்டாத வேறோர் ஊரில், நம்பத்தக்க உறவினர் வீட்டிலோ வங்கிப் பெட்டகத்திலோ இருத்தல் வேண்டும். பனச்சமூட்டில் ஒன்று, மார்த்தாண்டத்திலோ நெய்யாற்றின்கரையிலோ மற்றொன்று என்பது ஏற்ற அமைப்பு. படியைக் கிழியாமல் திறக்க முடியாத உறையிலிட்டு ஒட்டி, மேலே கையொப்பமிட்டால், யாரேனும் திறந்தமை தெரியவரும். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, தீ, திருட்டு முதலியவற்றால் பெட்டகப் பொருள் அழிந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரையிலேயே ஆகும் என்பதும் அறியத்தக்கது.

உரியவர் மறைந்தபின் குடும்பத்தார் அறிய வேண்டுவன மூன்று: இவ்வுடைமை உண்டு என்பது, படி இருக்குமிடம், பயன்படுத்திய வாலட்டின் பெயர். இவற்றைத் தனிக் குறிப்பாக எழுதி வைக்கலாம். சொற்களை உயிலில் எழுதுதல் கூடாது; உயில் பலர் கைக்குச் செல்லும் ஆவணம். மீட்புச் சொற்களோடு கூடுதலாகக் கடவுச்சொல் சேர்த்துள்ளோர் அதனையும் வேறிடத்தில் எழுதி வைத்தல் வேண்டும். அதனைத் தவறாக இட்டால் வாலட் பிழை எதுவும் காட்டாது. வெறுமையான வேறொரு கணக்கையே திறந்து காட்டும்.

சோதித்தல்

எழுதியது சரியா என்பதைப் பெருந்தொகை சேர்க்குமுன் சோதித்தல் வேண்டும். சிறு தொகையை வாலட்டில் இட்டு, கருவியிலுள்ளதை அழித்து, எழுதிய படியைக் கொண்டே மீண்டும் அமைத்துப் பார்த்தல் முறையாகும். தொகை தென்பட்டால் படி சரி. பின்னர், ஆண்டுதோறும் மே மாத இறுதியில், மழை தொடங்குமுன் படிகளின் நிலையைப் பார்வையிடுதல் நன்று.

இவ்வொரு செயலைத் தவிர வேறெப்போதும் எவர்க்கும் சொற்களைக் கூற வேண்டிய தேவை எழாது. வாலட் நிறுவனத்தார், வரித் துறையினர், காவல் துறையினர் எனத் தொலைபேசியில் கேட்போர் யாவரும் ஏமாற்றுவோரே. முன்னரே சொற்கள் அச்சிடப்பட்ட அட்டையோடு விற்கப்படும் கருவியும் வாங்கத்தக்கதன்று. அச்சொற்களை அச்சிட்டவன் அறிவான். ஏமாற்றப்பட்டோர் தாமதமின்றி 1930 என்னும் எண்ணில் முறையிடல் வேண்டும்.

வகுப்பறைச் செய்முறை

உண்மையான மீட்புச் சொற்களைப் பயன்படுத்தாது, மாணவர் கூறும் பன்னிரண்டு பொதுச் சொற்களைக் கொள்க. அவற்றைப் பென்சில், பந்துமுனைப் பேனா, நீர்மைப் பேனா ஆகியவற்றால் தனித்தனித் தாள்களில் எழுதுக. எவர்சில்வர்த் துண்டொன்றில் ஆணியால் கீறுக. ஓரிரவு நீரில் ஊறவைத்து, உலர்த்தி, எவை படிக்கத்தக்கன என அட்டவணைப்படுத்துக. அடுத்து, ஒரு மாணவர் தமிழ் எழுத்தில் எழுதிய பத்து ஆங்கிலச் சொற்களை மற்றொருவர் ஆங்கிலத்தில் திரும்ப எழுதுக, பிழைகளை எண்ணுக. மூன்று, நான்கு, ஐந்து சொற்களை எத்தனை வகையில் வரிசைப்படுத்தலாம் என்பதையும் கணக்கிடுக.

இச்செய்முறையைக் கண்ட மாணவர் வீட்டிற்குச் சென்று, பெட்டியிலுள்ள தாள் எதனால் எழுதப்பட்டது என வினவுவாராயின், இப்பாடத்தின் பயன் நிறைவேறியதாகும்.