வடகிழக்குப் பருவமழை வருமுன்: கார் டயரை இந்த வாரமே பாருங்கள்

அக்டோபர் 20-ஐ ஒட்டி வடகிழக்குப் பருவமழை தொடங்குவது வழக்கம். டிசம்பர் முடிவதற்குள் தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி, சுமார் 44 செ.மீ., பெய்துவிடும். கார் வைத்திருப்பவர்கள் இந்தச் சமயத்தில் வைப்பர் ரப்பரை மாற்றுகிறார்கள், பேட்டரியைப் பார்க்கிறார்கள், இன்சூரன்ஸ் தேதியைத் தேடுகிறார்கள். டயர் மட்டும் பஞ்சரானால்தான் நினைவுக்கு வருகிறது. ஈரச் சாலையில் காரை நிறுத்துவதும் திருப்புவதும் அந்த ரப்பர்தான். இன்ஜினும் பிரேக்கும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், டயர் தரையைப் பிடிக்காவிட்டால் அவற்றால் ஆகக்கூடியது எதுவும் இல்லை.

மழைக்கு முன்பே பாருங்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. புது டயரின் மேல், வார்ப்பு அச்சிலிருந்து எளிதில் கழன்று வருவதற்காகப் பூசிய பொருளின் எச்சம் ஒட்டியிருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடி, அந்த மேல்தோல் தேய்ந்த பிறகுதான் ரப்பர் முழுப் பிடிப்பையும் தரும். கொட்டும் மழையில் டயரை மாற்றிக்கொண்டு நேரே நெடுஞ்சாலையில் ஏறுவது ஆபத்து. சாலை காய்ந்திருக்கும்போதே மாற்றி, கொஞ்ச நாள் ஊருக்குள் நிதானமாக ஓட்டுங்கள். இன்னொன்று: முதல் பெருமழைக்கு மறுநாள் டயர் கடைகளில் கூட்டம் நெரியும். நீங்கள் கேட்கிற டயர் இருக்காது, இருக்கிற டயரைத் தலையில் கட்டுவார்கள்.

முதலில் பட்டனைப் பாருங்கள்

காரை வெளிச்சமான இடத்தில் நிறுத்தி, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுவதும் ஒடித்துவிட்டு இறங்குங்கள். முன் டயரின் உட்புற ஓரம் அப்போதுதான் கண்ணில் படும். அலைன்மென்ட் விலகிய கார்களில் வெளிப்புறம் புதிது போலிருக்கும், உட்புறம் மொட்டையாகியிருக்கும். நின்றபடி பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது. பின் டயர்களுக்குக் குனிந்துதான் ஆக வேண்டும், கைபேசி விளக்கை அடித்துப் பாருங்கள்.

டயரின் பெரிய பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு ரப்பர் மேடுகள் இருக்கும். பக்கவாட்டில் முக்கோணக் குறியோ ‘டிடபிள்யூஐ’ என்ற ஆங்கில எழுத்துகளோ இருக்கிற இடத்துக்கு நேராகத் தேடினால் கிடைத்துவிடும். அந்த மேட்டின் உயரம் 1.6 மி.மீ. பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர்க் கட்டைகள், தேய்ந்து மேட்டோடு சமமாகிவிட்டால் அந்த டயரில் கார் ஓட்டுவது மோட்டார் வாகன விதிப்படியே தவறு. ஆனால் மழைக்காலத்துக்கு 1.6 வரை காத்திருக்கக் கூடாது. புது டயரில் 7, 8 மி.மீ. ஆழம் இருக்கும். 3 மி.மீ.க்குக் கீழே இறங்கிவிட்டால், விதி இடம் கொடுத்தாலும் மாற்றிவிடுங்கள். ஆழத்தை அளக்கும் கேஜ் விலை அதிகமில்லாத கருவி. கடைக்காரரிடமும் இருக்கும், கேட்டு அளக்கச் சொல்லுங்கள். கண் பார்த்துச் சொல்லும் ‘இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடும் சார்’ கணக்கை மழைக்கு நம்ப வேண்டாம்.

ஆழத்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? சிறிய கார்களில் சாதாரணமாக வரும் 185 மி.மீ. அகல டயரை எடுத்துக்கொள்ளுங்கள். 80 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு 22 மீட்டர் போகிறது. சாலையில் 3 மி.மீ. தண்ணீர் நின்றால், ஒரு டயர் ஒவ்வொரு நொடியும் சுமார் 12 லிட்டர், ஏறக்குறைய ஒரு குடம் தண்ணீரை விலக்கிக்கொண்டே போக வேண்டும். அந்தத் தண்ணீர் போவதற்கான வழிதான் பள்ளம். வழி குறைந்தால் தண்ணீர் டயருக்கு அடியில் புகுந்து அதைத் தூக்கிவிடும். ஓட்டுநர்கள் ‘வண்டி மிதக்குது’ என்று சொல்வது இதைத்தான்.

தேய்ந்த டயரில் கத்தியை வைத்துப் பள்ளத்தை ஆழமாக வெட்டி, பழைய டயர் விற்கும் இடங்களில் புதிதுபோல் விற்கிறார்கள். அதை வாங்காதீர்கள். அடியிலுள்ள கம்பி இழைக்கும் சாலைக்கும் நடுவே எஞ்சியிருக்கும் ரப்பரைத்தான் அப்படி வெட்டி எடுக்கிறார்கள்.

காற்றைக் குறைக்காதீர்கள்

மழைக்காலத்தில் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் பிடிப்பு கூடும் என்ற நம்பிக்கை அனுபவசாலிகளிடம்கூட இருக்கிறது. மணலில் அது சரி. தண்ணீரில் விளைவு நேர் எதிர். டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் அதற்குள் இருக்கும் காற்றழுத்தத்தைப் பொறுத்தது என்று விமான டயர்களை வைத்து நாசா ஆய்வாளர்கள் 1960-களில் கணக்கிட்டார்கள். பட்டன் தேய்ந்த டயர் ஆழமான தண்ணீரில் ஓடினால், 33 பிஎஸ்ஐ காற்றில் சுமார் 95 கி.மீ. வேகத்தில் மிதக்கும். 24 பிஎஸ்ஐ-க்கு இறங்கினால் 82 கி.மீ.யிலேயே மிதந்துவிடும். கார் டயருக்கு இது தோராயம்தான், ஆனால் எந்தப் பக்கம் சாயும் என்பதில் ஐயமில்லை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் உங்கள் காருக்குரிய அளவு இருக்கிறது. குடும்பத்தோடும் மூட்டை முடிச்சோடும் போகும்போது அதிலேயே கூடுதல் அளவு தனியாகக் கொடுத்திருப்பார்கள். காலையில், டயர் சூடேறும் முன் பாருங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள். ஒல்லியான ஸ்டெப்னி கொண்ட கார் என்றால், அதை மாட்டிய நிலையில் 80 கி.மீ.யைத் தாண்டக் கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். மழையில் அதற்கும் நன்றாகக் கீழே ஓட்டுங்கள்.

அதிகம் ஓடாத காரின் டயர்

என்னிடம் அதிகம் பேர் சொல்லும் குறை இதுதான்: “பட்டன் நிறைய இருக்கே, அப்புறம் ஏன் வழுக்குது?” பெரும்பாலும் அது ஓய்வுபெற்றவர்களின் காராகவோ, வாரக் கடைசியில் மட்டும் எடுக்கும் காராகவோ இருக்கும். ஆண்டுக்கு நாலாயிரம், ஐயாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும். டயர் தேய்ந்திருக்காது, முதிர்ந்திருக்கும். நம் ஊர் வெயிலில் ஆண்டுக்கணக்கில் நின்ற ரப்பர் இறுகிப்போகிறது. ஈரச் சாலையில் ரப்பர், தாரின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அழுந்திப் புக வேண்டும். இறுகிய ரப்பர் அப்படிப் புகாது, மேலோடு நழுவிவிடும். காய்ந்த சாலையில் இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது என்பதால், உரிமையாளருக்கு எந்த எச்சரிக்கையும் கிடைப்பதில்லை. முதல் மழையில் சிக்னலில் மிதித்த பிரேக் எதிர்பார்த்த இடத்தில் பிடிக்காதபோதுதான் தெரிகிறது.

டயரின் பக்கவாட்டில் ‘டிஓடி’ என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3519 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இந்த இலக்கங்கள் இருக்கலாம். வெளிப்புறத்தில் இல்லையென்றால் உட்புறத்தில் தேடுங்கள். ஐந்து ஆண்டைத் தாண்டிய டயரை ஆண்டுக்கொரு முறை கடையில் காட்டுங்கள். பள்ளங்களின் அடியிலோ பக்கவாட்டிலோ மெல்லிய வெடிப்பு தெரிந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றுங்கள். புதிதாக வாங்கும்போதும் பணம் கொடுக்கும் முன் இந்த எண்ணைப் படியுங்கள்.

எதை வாங்குவது

நம் ஊரில் டயர் வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி “எத்தனை கிலோமீட்டர் வரும்?” என்பது. நிறுவனங்களும் அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் டயரைச் செய்கின்றன. காரோடு வரும் டயர் பல சமயம் நீண்ட உழைப்புக்கும் எரிபொருள் சிக்கனத்துக்கும் என்று தேர்ந்தெடுத்ததாக இருக்கும். மழைப் பிடிப்புக்குப் பெயர் பெற்ற டயர்களுக்கு மாறிய ஓட்டுநர்கள் சொல்வதில் ஓர் ஒற்றுமை இருக்கிறது. ஈரத்தில் பிரேக் நம்பிக்கையோடு பிடிக்கிறது, நெடுஞ்சாலையில் தண்ணீர்த் திட்டைக் கடக்கும்போது ஸ்டீயரிங் ஆட்டம் காண்பதில்லை என்கிறார்கள். கூடவே, சீக்கிரம் தேய்கிறது, விலையும் கூட என்கிறார்கள். இரண்டுமே உண்மை. 60,000 கி.மீ. ஓட வேண்டிய இடத்தில் 40,000 தான் வரும் என்றால், அந்த 20,000 கி.மீ.யை விட்டுக்கொடுப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. ஆண்டுக்குப் பத்தாயிரம் ஓட்டும் குடும்பக் காருக்கு 40,000 கி.மீ. என்பதே நான்கு ஆண்டு. அதற்குள் ரப்பர் முதிரத் தொடங்கியிருக்கும்.

கடையில் என்ன கேட்பது? சிலிக்கா கலந்த ரப்பரா என்று கேளுங்கள். மிஷ்லின் 1992-இல் சிலிக்கா கலந்த டயரைக் கொண்டுவந்த பிறகுதான், எரிபொருளும் மிச்சமாகி ஈரப் பிடிப்பும் குறையாத டயர் பரவலாயிற்று. சில டயர்களின் பக்கவாட்டில் ‘ட்ராக்ஷன்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஏஏ, ஏ, பி, சி என்று தரம் அச்சிட்டிருக்கும். ஏஏ தான் மேல். ஆனால் அது ஈரத் தரையில் நேர்கோட்டில் பிரேக் பிடிக்கும் சோதனை மட்டுமே. வளைவில் எப்படி, தேங்கிய தண்ணீரில் எப்படி என்பதை அது சொல்லாது. அதன் அருகிலேயே ‘ட்ரெட்வேர்’ என்றொரு எண் இருக்கும். எண் ஏற ஏற உழைப்பு கூடும், பெரும்பாலும் ரப்பரும் கடினமாக இருக்கும். இந்தியாவிலும் ஏஐஎஸ்-142 என்ற தரத்தின் கீழ் ஈரப் பிடிப்புக்குக் குறைந்தபட்ச அளவு வைக்க 2022-இல் ஆணை வந்தது. அது தேர்ச்சி மதிப்பெண் போன்றதொரு எல்லைதான், சிறந்த டயர் எது என்று அது பிரித்துச் சொல்லாது.

பிடிப்புக்காக அகலமான டயருக்கு மாறுவதும் இப்போது பரவியிருக்கிறது. காய்ந்த சாலையில் பயன் உண்டு. தேங்கிய தண்ணீரில் அகல டயர் விலக்க வேண்டிய தண்ணீரும் கூடுகிறது, அதனால் விரைவில் மிதக்கிறது. நிறுவனம் கொடுத்த அளவிலேயே நல்ல டயரை வாங்குங்கள்.

இரண்டு மட்டும் மாற்றினால்

முன்சக்கர இயக்கக் கார்களில் முன் டயர்தான் முதலில் தேயும். இரண்டு வாங்கினால் கடைக்காரர் முன்னால்தான் மாட்டுவார். “பிரேக் முன்னாடிதான சார் பிடிக்கும்” என்று காரணமும் சொல்வார். ஒப்புக்கொள்ளாதீர்கள். புதிய இரண்டையும் பின்னால் மாட்டச் சொல்லுங்கள். டயர் நிறுவனங்களும் இதையே சொல்கின்றன. முன் டயர் நழுவினால் கார் திரும்ப மறுத்து வெளிப்பக்கம் போகும். ஸ்டீயரிங்கிலேயே அது தெரியும், வேகத்தைக் குறைத்தால் பிடி திரும்பிவிடும். பின் டயர் நழுவினால் காரின் வால் பக்கவாட்டில் வீசும், நொடியில் கார் சுழன்றுவிடும். பயிற்சி பெற்றவர்களே திணறும் நிலைமை அது. மழையில் நெடுஞ்சாலை வளைவில் தடுப்பில் மோதித் திரும்பி நிற்கும் கார்களைப் பார்த்தால், அவற்றின் பின் டயர்களை ஒரு கணம் கவனியுங்கள். முன்னால் போகும் பழைய டயரிலும் 3 மி.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் நான்கையும் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

சாலையில்

நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் அரை மணி நேர மழைதான் மிக வழுக்கலானது. எண்ணெய்ப் பிசுக்கும் புழுதியும் கரைந்து மேலே வந்திருக்கும். டீசல் சொட்டும் பேருந்து நிறுத்தங்கள், சுங்கச்சாவடித் தளம், வெள்ளைக் கோடுகள், மேம்பால இணைப்பு இரும்புப் பட்டைகள் ஆகியவற்றின் மேல் பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் சட்டென்று இயக்காதீர்கள்.

நான்குவழிச் சாலையில் வலப்புறம் வளையும் வளைவுகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அங்கே சாலை வலப்பக்கம், அதாவது நடுத்தடுப்பை நோக்கிச் சரிந்திருக்கும். அரளிச் செடிகளின் மண்ணும் சருகும் வடிகாலை அடைத்துவிட்டால், முந்திச் செல்லும் தடத்திலேயே தண்ணீர் நீளமாகத் தேங்கிவிடும். மழையில் இடது தடத்தில் போங்கள். முன்னால் போகும் வண்டியின் சக்கரத் தடத்தில் உங்கள் சக்கரம் போகட்டும், அங்கே தண்ணீர் குறைவு. க்ரூஸ் கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள்.

ஸ்டீயரிங் திடீரென்று லேசாகி, அடியில் வரும் சத்தம் மாறினால் கார் மிதக்கிறது என்று அறியுங்கள். பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருங்கள். ஒடித்து வைத்திருந்தால் பிடி திரும்பும் கணத்தில் கார் அந்தப் பக்கம் பாய்ந்துவிடும். 2019 ஏப்ரலிலிருந்து புதிய கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். ஆனால் தரையைத் தொடாத டயருக்கு ஏபிஎஸ் எதுவும் செய்ய முடியாது. வேகத்தைக் குறைப்பது ஒன்றே உங்கள் கையில் இருக்கிறது. 80-லிருந்து 60-க்கு வந்தால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைகிறது.

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இந்தப் பருவத்தில்தான் கனமழை. மலை இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்புகிறவர்கள் இதையெல்லாம் கிளம்பும் நாள் காலைக்கு என்று தள்ளி வைக்காதீர்கள். நாளைக் காலை காற்றைச் சரிபாருங்கள், பட்டனை அளந்து பாருங்கள், நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். மாற்ற வேண்டுமென்றால் இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.